ஒன்பதுக்கு எட்டு மார்க்

வாத்தியார்களுக்குக் கடலைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும் அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

"நீயா? ஒன்னய பெஞ்சு மேல நிக்க வச்சவங்களுக்கா?"

"அவங்க வேற, இவங்க வேறம்மா."

"எல்லாம் ஒரே டிசைன்தான்டி. போய்ப் பாரு."

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஓர் ஆராய்ச்சி மையத்தில் தற்காலிகத் திட்ட உதவியாளர் என்ற நீளமான பதவியில் சேர்ந்திருந்தேன். நான் பிறந்தது திருவாரூர் பக்கம், நாலாபுறமும் நெல். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒன்றரை மணி நேர பஸ் தூரம், ஆனால் காலேஜ் போகும் வரை நான் கடலில் காலை நனைத்ததில்லை. அதனாலேயே கடல் என்றால் பைத்தியம்.

மையம் ஒரு திட்டம் போட்டிருந்தது. காலாண்டு விடுமுறையில் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் எட்டுப் பேரை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போவது. சும்மா படகில் சுற்றிக்காட்டி பிஸ்கட் கொடுத்து அனுப்புவது இல்லை. நிஜமான ஆராய்ச்சி. தண்ணீரின் உப்பை அவர்களே அளக்க வேண்டும், சேற்றை அவர்களே அள்ள வேண்டும், நுண்ணுயிரை அவர்களே எண்ண வேண்டும். திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பாடப் புத்தகத்தில் கடலுக்கு ஒரு பக்கம். அதிலும் பாதியைத் திமிங்கலம் அடைத்துக்கொண்டு நிற்கும். மீதிப் பாதிக்கு நாங்கள்.

எல்லோரையும் வழிநடத்தும் பொறுப்பு எனக்கு. நான்தான் பாஸ் என்று நினைத்துக்கொண்டு முதல் நாள் காலை படகுத்துறைக்குப் போனேன். எட்டுப் பேரும் உயர வரிசைப்படி நின்றார்கள். ஒருவர் வருகைப் பதிவேடு போட்டு, முடித்து, கூட்டிக் கழித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கழுத்தில் விசிலோடு நின்ற பி.டி. சார் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு நிமிஷம் லேட்டு, மேடம்."

"பஸ் லேட் சார்."

"எல்லாப் பயலும் அதத்தான் சொல்லுவான்."

பாஸ் கதை அங்கேயே முடிந்தது. அம்மாவுக்கு போன் போட்டு "ஒரே டிசைன்தான்" என்று மட்டும் சொன்னேன்.

எட்டுப் பேரில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் இந்த பி.டி. சார். இன்னொருவர் அதே பள்ளியின் சயின்ஸ் டீச்சர். ஐம்பதை நெருங்கியவர், பருத்திப் புடவை, தோள்பையில் நாலு பேனா: ரெண்டு நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. இருவரும் பேசிக்கொள்வது குறைவு. காரணத்தை சார் முதல் நாளே படகில் என் காதில் போட்டுவிட்டார்.

"பதினஞ்சு வருஷமா என் பீரியட புடுங்கி போர்ஷன் முடிக்கிறாங்க மேடம். பசங்க டவுசர மாட்டிக்கிட்டு கிரவுண்டுக்கு வருவான். பின்னாடியே இவங்க வருவாங்க. 'இன்னைக்கு ஒளிச்சேர்க்கை, எல்லாரும் கிளாசுக்கு வா.' நான் பந்த கையில வச்சிக்கிட்டு நிப்பேன்."

முன்பக்கம் உட்கார்ந்திருந்த டீச்சர் திரும்பாமலே சொன்னார்: "பரீட்சையில பந்து வராது சார்."

மூன்றாம் நாள்தான் முக்கியமான வேலை. காட்டை ஒட்டிய காயலான லகூனிலிருந்து ஊர்ப் பக்கமாக ஒரு வடிவாய்க்கால் போகிறது. வயல்களில் மிஞ்சும் தண்ணீர் அது வழியாக இறங்கிக் கடலுக்கு வரும். அதே வழியாகக் கடலும் அலை ஏறும்போது உள்ளே எட்டிப் பார்க்கும். ஓரத்து வயல்காரர்கள் மடையைத் திறந்து அந்தத் தண்ணீரையே பாய்ச்சிக்கொள்வார்கள். அந்த வாய்க்கால் நெடுக ஒன்பது இடத்தில் சவுக்குக் கழி நட்டு எண் எழுதியிருந்தோம். முதல் கழி முகத்துவாரத்தில், ஒன்பதாவது கழி வயலுக்குள். ஒவ்வொரு இடத்திலும் உப்பை அளக்க வேண்டும். கருவி ஒன்றும் பெரிய விஷயமில்லை. கைக்கு அடக்கமான ஒரு குழல். முனையில் கண்ணாடி. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை வைத்தால் உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பு. கடலில் முப்பத்து சொச்சம் காட்டும், குடிநீரில் பூஜ்யம்.

பி.டி. சாருக்குக் கண் பிரமாதம் என்பதால் குழல் அவரிடம். அவர் பார்த்துத் தாளில் எழுதுவார். டீச்சர் பிறகு சரிபார்த்து நல்ல பிரதி எழுதித் தருவார். இந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை, அவர்களே செய்துகொண்டார்கள். முதலில் ரஃப் நோட்டு, அப்புறம் ரெக்கார்டு நோட்டு. பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே.

ஆறாவது கழிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்றரை. படகு அதற்கு மேல் போகாது, வரப்பில் நடந்தோம். அங்கே டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தா தெரியுதுல்ல, ஒத்தப் பனைக்கு இந்தாண்ட. அது எங்க நெலம். மூணு மா."

ஒரு ஏக்கர். கட்டை விரலளவு தெரிந்தது. அதற்கும் வாய்க்காலுக்கும் நடுவே சதுரம் சதுரமாக இறால் குளங்கள். தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டு சுற்றும் இயந்திரச் சக்கரங்கள். குளத்தின் கரையைத் துளைத்து ஒரு பெரிய குழாய் வாய்க்காலில் எட்டிப் பார்த்தது.

"எங்க மாமனார் அடுத்தவன் வயல்ல கூலிக்கு எறங்குனவரு. மிராசுதார்கிட்டேருந்து இந்த மூணு மாவுக்கு பட்டா வாங்க பத்து வருஷம் செங்கொடி புடிச்சாரு. நடுவுல ஜெயிலு வேற. இப்ப என்னன்னா போன வருஷம் நட்ட நாத்தெல்லாம் நுனி செவந்து கருகிப் போச்சு. உப்பு. எங்க வீட்டுக்காரரு ஒரே வார்த்தை சொல்லிட்டாரு. உப்பு கடல்லேருந்து வருதுன்னா நாம என்ன பண்ண முடியும், குளத்துக்காரருக்கே வித்துடுவோம். குளத்துலேருந்து வருதுன்னா விக்க மாட்டேன், சண்டை போடுவேன். எதுன்னு சொல்லுன்னு என்கிட்ட கேக்குறாரு. நான்தானே சயின்ஸ் டீச்சர்."

"சூப்பர் டீச்சர். இன்னைக்குத் தெரிஞ்சிடும்" என்றேன் வெகு லேசாக. விஷயம் சிம்பிள். கடல்தான் காரணம் என்றால் முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக எண் சீராக இறங்க வேண்டும். குளம் என்றால் ஆறாவது கழியில் திடீரென்று ஏற வேண்டும்.

மறுநாள் டீச்சர் நல்ல பிரதியைக் கொடுத்தார். கோடு போட்ட தாள், அச்சு மாதிரி கையெழுத்து. முப்பத்து மூன்று, இருபத்தாறு, பத்தொன்பது, பன்னிரண்டு, ஆறு, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் தட்டினேன். வளைவு வந்தது பாருங்கள், சறுக்குமரம் மாதிரி. அத்தனை அழகான வளைவு எம்.எஸ்சி.யில்கூட எனக்கு வந்ததில்லை. ரசித்தேன். சரிபார்க்கவில்லை. எட்டு ஜெராக்ஸ் போட்டு எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். டீச்சர் தன்னுடையதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப கடல்தான்" என்றார்.

"கடல்தான் டீச்சர்" என்றேன் நானும்.

ஐந்தாம் நாள் காலை டீச்சர் வரவில்லை. வேறொரு ஆசிரியர் வழியாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய அம்மையீர், சொந்த அலுவல் காரணமாக இன்று முற்பகல் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் லீவ் லெட்டர். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

சாப்பிடும்போது பி.டி. சார் எதிரில் வந்து உட்கார்ந்தார். இட்லியைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து என் இலைப் பக்கமாகத் தள்ளினார்.

"நீங்களே நியாயத்தச் சொல்லுங்க மேடம்."

முந்தாநாள் அவர் எழுதிய ரஃப் தாள். ஒன்பது எண்கள். எட்டு எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக். ஆறாவது எண்ணில் மட்டும் வட்டம். அவர் எழுதியிருந்தது பதினாலு. முன்னால் இருந்த ஒன்று அடிக்கப்பட்டு, நாலு மட்டும் மிச்சம். ஓரத்தில் 'கவனக்குறைவு'. கீழே கோடு போட்டு மார்க்: ஒன்பதுக்கு எட்டு. சுருக்கொப்பம், தேதி.

"எனக்கு மார்க்கு போட்டிருக்காங்க! நாப்பத்தாறு வயசு எனக்கு. பதினஞ்சு வருஷமா பீரியட புடுங்குனாங்க, சரின்னு உட்டேன். இப்ப என் ரீடிங்கயும் புடுங்கிட்டாங்க."

"சார், நெஜமாவே பதினாலா?"

"என் கண்ணு சிக்ஸ் பை சிக்ஸ் மேடம். கோடு பதினாலுல நின்னுச்சு. ரெண்டு வாட்டி பாத்தேன்."

எண்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். ஆறு, அப்புறம் பதினாலு, அப்புறம் மூன்று. சறுக்குமரத்தின் நடுவில் ஒரு கூம்பு. கூம்பு நிற்பது குளத்துக் குழாய்க்கு நேர் எதிரே. அடிபட்டது ஓர் எண் இல்லை, அந்த மூணு மா நிலத்துக்கே விடை. அதை நான் ஜெராக்ஸ் வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"இன்னைக்கு டீச்சர் எதுக்கு லீவு போட்டாங்க, தெரியுமா சார்?"

"நெலம் பேச குளத்துக்காரர் வீட்டுக்கு வர்றாராமே, பத்து மணிக்கு."

மணி ஒன்பதே கால். இலையை மூடிவிட்டு சாரின் பைக்கில் தொற்றினேன். டீச்சரின் ஊர் ஆறு கிலோமீட்டர். விசில் அவர் கழுத்திலேயே கிடந்தது. வழியில் நின்ற மாடுகளுக்கெல்லாம் ஊதிக்கொண்டே போனார்.

டீச்சர் வாசலில் கோலத்தை மிதிக்காமல் நின்று குளத்துக்காரருக்காகக் காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"லெட்டர் வந்து சேரலயா?"

"வந்துச்சு டீச்சர். இது எப்படி வந்துச்சு?" தாளை நீட்டினேன்.

"அது தப்பும்மா. கடலவிட்டுத் தள்ளிப் போகப் போக உப்பு கொறையணும். இவரு அவசரத்துல ஒரு கோட்ட சேத்து இழுத்திருக்காரு."

"அவசரமா? நானா?" என்று சார் எகிறினார். நான் நடுவில் புகுந்தேன்.

"டீச்சர், ஆறாவது கழிக்கு எதுத்தாப்புல என்ன இருக்கு?"

அவருக்கு முன்பே தெரியும் என்பது எனக்குத்தான் அதுவரை புரியவில்லை. டீச்சர் தாளை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"தெரியும்மா. கொழாய் இருக்கு. பதினாலப் பாத்ததும் எனக்கு வயித்துல ஒரு சந்தோஷம் பாரு, குதிச்சுடலாம் போல இருந்துச்சு. அதனாலதான் சந்தேகம் வந்துச்சு. எனக்குப் புடிச்ச வெடயா வருதே, நாமளா ஆசப்பட்டுப் பாக்குறோமோன்னு. விடை ரொம்பப் புடிச்ச மாதிரி வந்தா இன்னொரு வாட்டி போட்டுப் பாருன்னு பிள்ளைங்களுக்கு நானே சொல்லுவேன்."

"போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. அடிச்சுட்டேன்."

அந்த நேரம் வாசலில் வெள்ளை கார் வந்து நின்றது. குளத்துக்காரர் இறங்கினார். நாற்பது வயது, மொடமொடவென்று கஞ்சி போட்ட கரைவேட்டி. அந்தக் கரையின் நிறம் ஆட்சிக்கு ஆட்சி மாறும் என்று பி.டி. சார் பிறகு சொன்னார். ஆனால் டீச்சரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்தாம் வகுப்புப் பையனாகிக் கையைக் கட்டினார். டீச்சரிடம் படித்தவர்.

உள்ளே டீச்சரின் கணவர் காத்திருந்தார். மெலிந்த மனிதர், பேச்சு கம்மி. டீச்சர் அவரைப் பார்த்தே சொன்னார்.

"விக்க வேணாங்க. நான் எழுதுன தாளு தப்பு. ஆறாவது எடத்துல பதினாலு வந்துச்சு. நான்தான் நாலுன்னு மாத்துனேன்."

கணவர் அவரையே பார்த்தார். "நேத்து கடல்னு சொன்ன. இன்னைக்குக் குளம்ங்குற. நாளைக்கு என்ன சொல்லுவ, வானம்னா?"

குளத்துக்காரர் சட்டைப் பையிலிருந்து என்னுடைய ஜெராக்சை எடுத்துப் பிரித்தார். அது எப்படி அவரிடம் போனது என்று கேட்கவே வேண்டியதில்லை. விற்பதற்குக் காரணம் கேட்டபோது கணவரே முந்தின நாள் கொடுத்துவிட்டார். போன வருஷம் நாற்று கருகியபோது அந்த ஊர்க்காரர்கள் சாலையை மறித்ததில், தாலுகா ஆபீசில் ஓர் அமைதிப் பேச்சுவார்த்தை வேறு பாக்கி இருந்தது. அதற்கு இன்னும் மூன்று நாள்.

"டீச்சர், கோச்சுக்காதீங்க. இது உங்க கையெழுத்த வச்சு இந்தப் பாப்பா கம்ப்யூட்டர்ல போட்டது. தாசில்தார்கிட்ட இதத்தான் குடுக்கப் போறேன். இப்ப வந்து, உங்க நெலத்துக்காக நம்பர மாத்திக்கிறேன்னு சொன்னா, ஊரு என்ன சொல்லும்? டீச்சரே காப்பி அடிச்சிட்டாங்கன்னு சொல்லாது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பி.டி. சார் முன்னால் வந்தார்.

"தம்பி, போன எலெக்‌ஷன்ல உங்க ஊரு பூத்துக்கு நான்தான் அதிகாரி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். செல்லு பேச விடலயே நீங்க."

"அந்த பூத்துல ஏதாச்சும் தப்பு நடந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"ஏன்? ரெண்டு பக்கமும் ஏஜென்ட்டு உக்காந்திருந்தான். அதே மாதிரி வைப்போம். நாளைக்கு ஆறாவது கழியில, காலைல ஏழுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். உங்க ஆளு ஒருத்தர், இவரு ஒருத்தர். மணிக்கொரு வாட்டி அளக்குறது. ரெண்டு பேரும் பாத்து கையெழுத்துப் போடணும். டீச்சர் குழலத் தொட மாட்டாங்க. பேனாவும் தொட மாட்டாங்க."

குளத்துக்காரர் சிரித்தார். ஜெராக்சின் மேல் அவ்வளவு நம்பிக்கை. "சரி சார். என் மச்சான அனுப்புறேன்."

மறுநாள் காலை ஆறாவது கழியில் நான் பார்த்ததை என் பேராசிரியர்கள் பார்த்திருக்க வேண்டும். வரப்பின் மேல் ஒரு மேசை, ஒரு பெஞ்சு. வாக்குச்சாவடி போலவே நூறு மீட்டர் தள்ளிச் சுண்ணாம்புக் கோடு. ஆசிரியர்கள் அத்தனை பேரும் தேர்தல் வேலை பார்த்துப் பழுத்தவர்கள். ஒருவர் படிவம் தயாரித்திருந்தார். ஒருவர் போன தேர்தலில் திருப்பிக் கொடுக்க மறந்த அரக்கும் நூலும் கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கம் டீச்சரின் கணவர், இன்னொரு பக்கம் மச்சான். டீச்சர் கோட்டுக்கு வெளியே, பனை மரத்தடியில், ஒரு தேர்வறை மேற்பார்வையாளரைப் போல மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

முதல் அளவு எடுக்கலாமா என்று குழலைத் தூக்கினேன். சார் விசில் ஊதினார்.

"மேடம், மாதிரி வாக்குப்பதிவு நடத்தாம எப்படி? பெட்டி காலியா இருக்குன்னு முதல்ல ஏஜென்ட்டுக்குக் காட்டணும்."

"அப்படின்னா?"

"சுத்தமான தண்ணி ஊத்துங்க. பூஜ்யம் காட்டுதான்னு ரெண்டு பேரும் பாக்கட்டும்."

அளவுத்திருத்தம். இதை எனக்குப் புரியவைக்க காலேஜில் ஒரு செமஸ்டர் ஆனது. காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டேன். மச்சான் பார்த்தார், கணவர் பார்த்தார். பூஜ்யம். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அழியாத மை இல்லை என்பதுதான் சாருக்குக் குறை.

ஏழு மணிக்கு நாலு. எட்டு மணிக்கு நாலு. ஒன்பதுக்கும் நாலு. ஒவ்வொரு முறையும் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, நூல் கட்டி, அரக்கு வைத்து, ஏஜென்ட் கையெழுத்து. மச்சான் சிரிப்பை அடக்கவே இல்லை.

"டீச்சர் போட்ட மார்க்கு கரெக்டுதான் போல சார். கவனக்குறைவு!"

பி.டி. சார் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நாலு, நாலு, ஐந்து. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் பனைப் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு மணிக்குக் கணவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உட்டுறலாம்மா. அவளும் பாவம்" என்றார். குழாயின் வாயைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் நாங்கள் வந்தபோது அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, இப்போதுதான் உறைத்தது. குளத்துக்காரர் குழாயை மூடச் சொல்லியிருக்கிறார்.

அதைக் கத்திச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவது மழை பெய்வது மாதிரி. யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் குளத்தில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெனரேட்டர் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அது ஒரு குளத்துக்குத்தான் போதும். மற்ற மூன்று குளமும் அமைதியாகிவிட்டன. பிற்பகல் வெயில், அசையாத தண்ணீர், குளம் முழுக்க இறால். மூன்று மணிக்கு வேலையாள் ஒருவர் கரையில் ஓடிவந்தார்.

"அண்ணே! எறாலு மேல வருதுண்ணே! மூச்சுக்குத் தவிக்குது!"

காரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த குளத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார். பழைய தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் விடாவிட்டால் சாயங்காலத்துக்குள் மொத்தமும் செத்து மிதக்கும். கரை மேல் நின்று ஒரு தடவை எங்கள் மேசையைப் பார்த்தார். ஒரு தடவை குளத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"தொறடா!" என்று கத்தினார்.

குழாய் இருமியது. பிறகு கொட்டியது. பச்சையும் கறுப்புமான தண்ணீர் வாய்க்காலில் விழுந்து நுரைத்தது.

நாலு மணி அளவுக்கு சார் குழலில் கண்ணை வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு மச்சானிடம் நீட்டினார். மச்சான் பார்த்தார். குழலின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தார். வேறு சொட்டு விடச் சொல்லிப் பார்த்தார்.

"எவ்வளவுங்க?" என்றார் கணவர்.

"பதினாலு" என்றார் மச்சான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கையெழுத்து" என்றார் சார்.

மச்சான் போட்டார். பனை மரத்தடியில் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். கோட்டைத் தாண்டவில்லை.

பேச்சுவார்த்தை அன்று தாலுகா ஆபீஸ் வராந்தா நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் விவசாயிகள், இன்னொரு பக்கம் குளத்தில் வேலை பார்ப்பவர்கள். இரண்டு பக்கத்திலும் பாதிப் பேர் டீச்சரிடம் படித்தவர்கள் என்பதால் யாரும் காலை நீட்டி உட்காரவில்லை. தாசில்தார் முன்னால் இரண்டு தாள் இருந்தன. ஒன்று குளத்துக்காரர் கொடுத்த என் சறுக்குமரம். இன்னொன்று ஏஜென்ட்டுகள் கையெழுத்துப் போட்டது.

"இதுல நாலு. அதுல பதினாலு. ரெண்டும் உங்க ஆளுங்க எடுத்ததுதானே? எத நான் நம்புறது?" என்றார் தாசில்தார்.

முந்தின நாளே நான் ஒரு யோசனை சொல்லியிருந்தேன். "டைப்பிங் மிஸ்டேக்னு என் மேல போட்டுருங்க டீச்சர். நான் நேத்து வந்தவ, எனக்கு என்ன போச்சு?" டீச்சர் அப்போது அதைக் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி. இப்போது எழுந்து, பையிலிருந்து அந்தக் கசங்கிய ரஃப் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல் தாளு தப்பு சார். தப்பு என்னோடது. பி.டி. சார் பதினாலுன்னு சரியா எழுதியிருந்தாரு. பாடத்துல உள்ளபடி இல்லையேன்னு நான் அடிச்சுட்டேன். அளந்தத அடிக்கக் கூடாது. நான் அடிச்சேன்."

வேலையாட்கள் பக்கமிருந்து ஒரு குரல்:

"டீச்சர், அப்ப எட்டாவதுல எனக்குப் போட்ட முட்டை? அதயும் கொஞ்சம் மறுபடி பாருங்களேன்!"

"ஒனக்குப் போட்டது கரெக்டுதான்டா, ஒக்காரு" என்றார் டீச்சர் திரும்பாமலே. தாசில்தார் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் கூட்டம் இளகியது.

குளத்துக்காரர் ரொம்ப நேரம் வேட்டிக் கரையை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, குழாயை வாய்க்கால் பக்கமிருந்து எடுத்து, தண்ணீரைத் தனிக் குளத்தில் தேக்கித் தெளியவைத்து, லகூன் பக்கமாக விடுவதாகச் சொன்னார். பிறகு டீச்சரிடம் வந்து, "அன்னைக்கு கொழாய மூடச் சொன்னது நான்தான் டீச்சர்" என்றார். டீச்சர், "தெரியும்டா" என்றார். அவ்வளவுதான். அந்தக் கணம் குளத்துக்காரருக்கு மறுபடி பதினைந்து வயது.

லகூன் பக்கம் விட்டால் அங்கே என்ன ஆகும் என்று ஒரு கடல் உயிரியல்காரியாக நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன். அது வேறு சண்டை; இன்னும் நடக்கிறது.

வெளியே வந்ததும் டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ரஃப் தாளில் 'கவனக்குறைவு' என்பதை அடித்தார். ஒன்பதுக்கு எட்டு என்பதை ஒன்பதுக்கு ஒன்பது ஆக்கி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டு, பி.டி. சாரிடம் கொடுத்தார். சார் அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மார்க்கு இருக்கட்டும் டீச்சர். பீரியடு?"

குழாய் இடம் மாற ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. நாங்கள் நினைத்ததைவிட மழை முந்திக்கொண்டு இறங்கி, வாய்க்காலைக் கழுவிவிட்டது. அந்த மூணு மாவில் தாமதமாக நட்டார்கள். தை மாசம் நான் அந்தப் பக்கம் போனபோது பள்ளிக்கூட மைதானம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், பி.டி. பீரியட். திருந்தவே மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தால், ஆறாவது கழியைச் சுற்றி எட்டாம் வகுப்பு மொத்தமும் நிற்கிறது. சார் விசில் ஊதி வரிசையாக விடுகிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குழலில் கண்ணை வைத்து எண்ணைச் சொல்ல, டீச்சர் எழுதுகிறார். நீல மையில்.

வரப்பில் டீச்சரின் கணவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், குளங்களைத் தாண்டி, கதிர் பிடித்த நெல்.

"என்ன பாப்பா நம்பரு? மடையத் தொறக்கலாமா?" என்றார், கடைசியாகப் பார்த்த பெண்ணிடம்.

அவள் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒண்ணு" என்றாள் அவள். "ரெண்டு வாட்டி பாத்தேன்."